புனிதா பேர் போட்ட கார்

கிள்ளானின் பண்டமாரான் வட்டாரத்தில் கடந்த பத்து வருடங்களில் கல்யாணம் கட்டியவர்களில் பாதிப் பேர் புனிதா போட்ட மணவறையில் உட்கார்ந்துதான் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று அவள் கணவன் நாகையா சொல்லுவான். மீதிப் பாதி ஏமாந்தவர்கள் என்பான். நாகையா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் ஏறும் பெண்களிடம் கல்யாணத் தேதி விசாரித்து மனைவிக்கு வேலை பிடித்துக் கொடுப்பதும் அவன்தான்.

புனிதா பிறந்தது ஜெஞ்சாரோமுக்கு உள்ளே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். அப்பா போனதும் அம்மா அவளையும் கைக்குழந்தையாக இருந்த தம்பி யுகேந்திரனையும் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டார். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். புனிதா படிப்பை விட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணவறைக்காரரிடம் துணிப்பூ ஒட்டும் வேலை. ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்தாள். தூண் எப்படி நிற்கிறது, பட்டுத் துணியை எங்கே பின் குத்தினால் மடிப்பு விழாது, மாமியார்க்காரி வந்து குறை சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. பிறகு இரண்டு தூண், ஒரு சிம்மாசனம் என்று சொந்தமாகத் தொடங்கினாள். இன்றைக்கு அவளிடம் ஆறு ஜோடித் தூண்கள், இரண்டு ஃபைபர் யானைகள், நான்கு அன்னங்கள், சிவப்பு வெல்வெட் போட்ட மூன்று சிம்மாசனங்கள், இவற்றையெல்லாம் ஏற்றிப்போக ஒரு சின்ன லோரி.

இவை குடியிருந்தது அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். வீடு வாடகை வீடு. பெரிய கால்வாயை ஒட்டிய வரிசையில் கடைசி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ராஜன் அதற்குச் சொந்தக்காரர். கொட்டகை போட்டுக்கொள்ள அவர் அனுமதி கொடுத்ததால்தான் புனிதாவின் தொழில் வளர்ந்தது. அடுக்குமாடி வீட்டில் யானையை எங்கே நிறுத்துவது?

யாருக்கும் ஐந்து காசு பாக்கி வைக்காதவள் என்பது புனிதாவுக்குத் தன்னைப் பற்றி இருந்த பெரிய பெருமை. அது பொய்யும் இல்லை. லோரிக் கடனை அவள் கட்டிய விதம்தான் கொஞ்சம் தனி. ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் ஒன்றிரண்டு வந்தால் அதிசயம். மார்கழியில் அறவே இல்லை. அந்த மாதங்களில் லோரித் தவணை அப்படியே நிற்கும். முதலில் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். பிறகு ஒரு பெண் அழைத்து மிக மரியாதையாகப் பேசுவாள். அதற்கும் பிறகு கடிதம் வரும். கடிதம் வந்த பிறகு கட்டினால் போதும் என்பது மணவறைக்காரர்கள், மேளக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் பழக்கம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிக் கையில் பணம் புழங்கியதும் புனிதா நின்றுபோன தவணைகளையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கட்டுவாள். போலீஸ் சம்மன் அபராதத்தைக்கூடத் தள்ளுபடி அறிவிக்கும் வரை வைத்திருந்து கட்டுகிற நாட்டில் இதில் என்ன தப்பு இருக்க முடியும்? தாமதத்துக்குத்தான் கட்டணம் வாங்கிக்கொண்டார்களே. அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

தைப்பூசம் முடிந்த வாரம் ராஜன் சார் வந்தார்.

"புனிதா, மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நான் ஈப்போவுக்கே போயிடலாம்னு இருக்கேன். இந்த வீட்ட வித்துடப் போறேன்மா. முதல்ல உன்கிட்டதான் கேக்குறேன்."

நாகையா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "சார், வேற யாராச்சும் வாங்குனா இந்தக் கொட்டாய விட்டு வைப்பானா?"

"எவன் விடுவான்? முதல் வேலையா அதத்தான் பிரிப்பான்."

அன்று புனிதா கொட்டகைக்குள் போய்ச் சும்மா நின்றாள். வீட்டை வாங்கியே ஆக வேண்டும். வாங்காவிட்டால் யானையும் அன்னமும் தூணும் தெருவுக்கு வரும், அவற்றோடு அவளும்.

கௌசலாவை அவளுக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வங்கிக் கிளையில் வீட்டுக் கடன் பகுதியில் வேலை செய்கிற பெண். அவள் தங்கை கல்யாணத்துக்குப் புனிதாதான் மணவறை போட்டாள். கேட்ட பத்திரங்களையெல்லாம் புனிதா கொண்டுபோய்க் கொடுத்தாள். கம்பெனிப் பதிவு இருந்தது, வருமான வரி கட்டிய ரசீது இருந்தது, முன்பணத்துக்குச் சேமிப்பும் இருந்தது. கௌசலாவே நம்பிக்கையாகத்தான் பேசினாள்.

வங்கியிலிருந்து அழைப்பு வந்தபோது புனிதா கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஏணி மேல் நின்று மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு கெட்ட செய்தி. லோன் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"உங்க பேர்ல உள்ள வண்டிக் கடன்ல நிறைய லேட் பேமண்ட் காட்டுது. போன்ல முழுசா சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு நேர்ல வாங்க, பேசுவோம்."

"என் பேர்லயா?"

"உங்க பேர்லதான்கா."

சரம் கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவள் பேரிலா? யாரும் ஒரு சொல் சொல்ல முடியாத பேராயிற்றே. இறங்கிச் சிம்மாசனத்தின் படியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது.

அவள் பேரில் இரண்டு வண்டிக் கடன்கள் இருந்தன. ஒன்று லோரி. இன்னொன்று தம்பி யுகேந்திரன் ஓட்டுகிற மைவி கார்.

யுகேந்திரனைப் பற்றிக் குடும்பத்தில் நல்லதாகச் சொல்ல யாரிடமும் எதுவும் இருந்ததில்லை. மூன்று வேலை மாறியவன். மோட்டார் சைக்கிள் வாங்கி, பணம் கட்டாமல் அதைப் பறிகொடுத்தவன். போன் பில் கட்டாமல் இரண்டு நம்பரை இழந்தவன். நாகையாவிடம் கைமாற்று வாங்கிவிட்டு அதைச் சத்தே என்கிற சுட்ட இறைச்சிக் குச்சிகளாக வாங்கிக் கொடுத்துக் கழித்தவன். போன் செயலி வழி அழைக்கும் வாடகைக் கார் ஓட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது எந்த வங்கியும் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை.

"அக்கா, பேர் மட்டும் போடு. கட்டுறது நான்."

போட்டாள். இங்கே அது பெரிய விஷயமில்லை. மச்சான் பேரில் லோரி, மருமகன் பேரில் கடை, அக்கா பேரில் கார். பேர் போட்டுக் கொடுப்பது கிட்டத்தட்ட மொய் வைப்பது மாதிரி.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கம்போங் மேடானுக்குப் போனாள். யுகேந்திரன் தங்கியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே கார் நின்றது. அவன் வாளியில் தண்ணீர் வைத்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே மேசை போட்டுச் சீதாலெட்சுமி என்கிற அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை இலையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஐந்தாறு பேர் வாங்குவதற்கு நின்றார்கள்.

"சாவியக் குடு."

"வாக்கா. என்ன, லோரி படுத்துருச்சா?"

"சாவியக் குடுன்னு சொல்றேன்."

அவன் எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்தான். "எதுக்குன்னு சொல்லு லா."

"வீடு போச்சுடா. லோன் குடுக்க மாட்டேன்னுட்டான். கட்டுறேன் கட்டுறேன்னு சொல்லிட்டு என் பேர நாறடிச்சு வச்சிருக்க."

"நான் கட்டிட்டுத்தான்கா இருக்கேன்."

"எதுல கட்டுன? சத்தேலயா?"

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். யுகேந்திரன் முகம் கறுத்தது. "போன்ல இருக்குக்கா. நீயே பாரு."

"உன் போன நான் எதுக்குப் பாக்கணும்? பேங்க்குல பாத்துட்டுத்தான் சொல்றாங்க."

சீதாலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, தம்பி விடியுறதுக்கு முன்னாலயே வண்டிய எடுத்துட்டுப் போயிடுது. நான் கட சாத்துறப்பகூட வர்றதில்ல. நீ எதுக்கும் ஒரு தடவ..."

"நீங்க நாசி லெமாக் கட்டுங்கக்கா. இது எங்க வீட்டு விஷயம்."

யுகேந்திரன் காருக்குள் குனிந்து போன் மாட்டும் கொக்கியைக் கழற்றினான், டிஷ்யூ பெட்டியை எடுத்தான், முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன முருகனை நகத்தால் பெயர்த்தெடுத்தான். பிறகு சாவியை நீட்டினான்.

"இன்னிக்கு சுபாங்குக்கு ஒரு பாட்டிய டயாலிசிஸ்க்குக் கூட்டிட்டுப் போகணும். வாரத்துக்கு மூணு நாளு நான்தான் போறேன்."

"பஸ்ல கூட்டிட்டுப் போ," என்றாள் புனிதா.

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வண்டி சுத்தமாக இருந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது. வீடு வந்து சேரும்வரை அந்தச் சுத்தம் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் அதே காரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். கௌசலாவின் மேசைமேல் சாவியை வைத்தாள்.

"கார வாங்கிட்டேன்மா. இனிமே நானே கட்டிக்குறேன். இப்பத் திரும்ப அனுப்பலாம்ல?"

கௌசலா சாவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எந்தக் காரக்கா?"

"மைவி. தம்பிக்குப் பேர் போட்டுக் குடுத்தது. அவன்தான் கட்டாம விட்டுட்டான்."

கௌசலா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தாள். நாட்டில் யார் எந்த வங்கியில் என்ன கடன் வாங்கியிருக்கிறார்கள், அதை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை மத்திய வங்கி ஒரே இடத்தில் பதிந்து வைக்கிறது. கடன் கேட்டு யார் வந்தாலும் வங்கிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். புனிதாவின் பேருக்குக் கீழே இரண்டு வரிசைகள் இருந்தன. ஒவ்வொரு வரிசையிலும் கடந்த பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் ஓர் எண்.

"சைபர்னா நேரத்தோட கட்டியிருக்கீங்க. ஒண்ணுன்னா ஒரு மாசம் பாக்கி. ரெண்டுன்னா ரெண்டு மாசம். இந்த வரிசையப் பாருங்க."

அந்த வரிசை முழுக்கச் சைபர். ஒரு கறை இல்லை.

"இதுதான்கா மைவி."

கௌசலாவின் விரல் மேல் வரிசைக்குப் போனது. அங்கே ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, பிறகு சைபர், மறுபடி ஒன்று, இரண்டு, ஓர் இடத்தில் மூன்று.

"இது லோரி."

"மாறிப் போயிருக்கும்மா," என்றாள் புனிதா. சாதாரணமாகத்தான் சொன்னாள். "ரெண்டையும் மாத்திப் போட்டுருக்காங்க."

"இல்லக்கா. எந்த பேங்க், எவ்வளவு கடன்னு பக்கத்துலயே இருக்கு. நீங்களே பாருங்க."

புனிதா பார்த்தாள். லோரிக்குக் கடன் கொடுத்த வங்கிதான், லோரிக் கடன்தான். மூன்று என்ற எண் இருந்தது மார்கழியில். ஒன்றும் இரண்டும் ஆடி, புரட்டாசி. அவள் பஞ்சாங்கத்தை யாரோ எண்களாகப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

"நான் எல்லாத்தையும் கட்டிட்டேனே. லேட் சார்ஜ்கூட விடாம."

"கட்டியிருக்கீங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒரு பாக்கியும் இல்ல. ஆனா கட்டுனீங்களான்னு மட்டும் பாக்க மாட்டாங்கக்கா. எப்பக் கட்டுனீங்கன்னு பாப்பாங்க."

"ஆடி மாசத்துல எங்கேர்ந்தும்மா கட்டுறது? கல்யாணமே இல்லையே."

"ஆடி எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே." கௌசலா கணினியைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொன்னா, உங்க பேர்ல ஒழுங்கா இருக்குறது அந்த மைவி ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா இன்னும் மோசம்," என்றாள்.

மேசைமேல் அந்தச் சாவி கிடந்தது. பஸ்ல கூட்டிட்டுப் போ என்று சொன்னது அவள்தானா?

இதை எப்படிச் சரி செய்வது என்று அவள் கேட்கவில்லை, கௌசலாதான் சொன்னாள். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஓர் எண் ஏறும், பழையது ஒன்று விழும். பன்னிரண்டு மாதம் தேதி தவறாமல் கட்டினால் வரிசையில் சைபர் மட்டும் நிற்கும். வேறு வழி கிடையாது. பணம் கொடுத்தால் பேரைச் சுத்தம் பண்ணித் தருகிறோம் என்று போனில் வருகிறவர்களை நம்பக் கூடாது. ஆத்திரத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு அலையவும் கூடாது, அதுவும் பதிவாகும்.

"ஒரு வருஷம்கா. கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

மாலைக் கடைகள் வரிசையாக இருந்த தெருவில்தான் காரை நிறுத்தியிருந்தாள். வழக்கமாகத் துணிப்பூ வாங்கும் கடைக்காரர், "என்ன அக்கா, இன்னிக்கு ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டார். அவர் பேசியது காதில் விழுந்தும் பொருள் விளங்கவில்லை. காருக்குள் உட்கார்ந்தாள். முருகன் ஒட்டியிருந்த இடத்தில் பசை வட்டமாகத் தெரிந்தது. கை சாவியைத் திருப்ப மறுத்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஒரு முறை பக்கத்து இயந்திரத்தில் ஒருத்தியின் விரல் போனதைப் பார்த்தபோது இப்படித்தான் கை மரத்துப் போயிற்று. இன்றைக்குப் போனது யாருடைய விரலும் இல்லை. பிறகு வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் கம்போங் மேடானுக்கு விட்டாள்.

கம்போங் மேடானில் யுகேந்திரன் இல்லை. சீதாலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு இலை துடைத்தார்.

"எங்கக்கா போயிருக்கான்?"

"சவாரிக்குப் போயிருக்கு. யாரோட காரையோ கெஞ்சி வாங்கிட்டுப் போச்சு. நேத்து அந்தப் பாட்டியயும் அப்படித்தான் கூட்டிட்டுப் போச்சு."

அவன் வரும்வரை அந்த மேசை ஓரத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அவன் வந்தான். காரைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"பெட்ரோல் ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்."

"டயருக்குக் காத்து?"

"அது பாக்கல."

"அதானே."

புனிதா எழுந்து சாவியை நீட்டினாள். சீதாலெட்சுமிக்கும், பொட்டலம் வாங்க நின்ற இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "நேத்து நான் பேசுனதெல்லாம் தப்பு. கட்டாதது நான்தான். லோரி. நீ கட்டியிருக்க."

யுகேந்திரன் சாவியை வாங்காமல் நின்றான். "லோரியா?"

"லோரிதான்."

"நீயாக்கா?"

அவனுக்குத்தான் அவளைவிட அதிர்ச்சி என்று தோன்றியது. அக்கா என்றால் தேதி, அக்கா என்றால் ஒழுங்கு என்று வளர்ந்தவன். அவன் நாற்காலி இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏண்டா நேத்தே சொல்லல?"

"சொன்னேன். நீதான் சத்தேயப் பத்திப் பேசிட்டு இருந்த."

"ஒரு மாசம்கூடத் தவறலயேடா. எப்படிடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என் பேர்ல இருந்தா தவறியிருக்கும். என் பேர்ல இனிமே கெட என்ன இருக்கு? இது உன் பேருல்ல."

சீதாலெட்சுமி இரண்டு பொட்டலத்தைக் கட்டி அவர்கள் முன்னால் வைத்தார். காசு வாங்கிக்கொண்டார்.

ராஜன் சாரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். அடுத்த தைப்பூசம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஒரு வருஷமா?" அவர் சுவரைப் பார்த்தார். இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு வெள்ளம் நின்ற கோடு இடுப்பு உயரத்தில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. எத்தனை முறை சாயம் அடித்தும் அது மேலே வந்துவிடுகிறது. "பாக்க வர்றவனெல்லாம் அதத்தான் பாக்குறான். அவசரமா வித்துடும்னு நான் நெனைக்கல. ஆனா வாக்கு குடுக்க மாட்டேன்மா. கையில பணத்தோட ஒருத்தன் வந்து நின்னா குடுத்துடுவேன்."

அது நியாயம்தான். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் புனிதா முகூர்த்தம் ஒன்றையும் விடவில்லை. லோரித் தவணையைத் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே கட்டினாள். ஆடிக்கென்று தனியாக எடுத்தும் வைத்தாள். ஆனிக் கடைசியில் லோரியின் கியர்பாக்ஸ் உடைந்து, எடுத்து வைத்ததை அப்படியே விழுங்கிவிட்டது. வங்கியில் பார்த்த அந்த வரிசை அவள் கண்ணில் வந்து நின்றது. ஓர் எண் ஏறினால் போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து.

யுகேந்திரன்தான் வந்து சொன்னான். "லோரி சும்மாதானே நிக்கிது. டுரியான் பழக் காலம். ரவூப்ல என் கூட்டாளிக்குத் தோட்டம் இருக்கு. ஏத்திட்டு வந்து ரோட்டோரமா போட்டுருவோம்."

மணவறை ஏற்றுகிற வண்டியில் வேறு எதுவும் ஏற்றுவதில்லை. சிமெண்டு இல்லை, பழைய சாமான் இல்லை, அண்டை வீட்டுக்காரனின் கட்டில்கூட இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் எலுமிச்சம்பழம் கட்டிக் குங்குமம் வைத்து ஓட்டுகிற வண்டி அது.

"மங்கலச் சாமான் போற வண்டியில முள்ள ஏத்துறதா?" என்றான் நாகையா.

"முள்ளு வெளிய மாமா. உள்ள சொள தானே."

"வாட? வெல்வெட்டுல ஏறுனா ஏழு ஜென்மத்துக்குப் போவாதுடா."

புனிதா சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு லோரிச் சாவியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். போன தடவை சாவி கைமாறியது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கிள்ளானில் அந்த ஆடியில் சிவப்புப் பட்டுப் பந்தலுக்குக் கீழே டுரியான் விற்ற கடை அது ஒன்றுதான். கூடாரம் வாடகைக்கு எடுக்கக் காசில்லாததால் கல்யாணப் பந்தலையே விரித்திருந்தார்கள். சும்மா இருக்கட்டும் என்று நாகையா ஒரு யானையையும் கொண்டுவந்து நிறுத்தினான். போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்தவர்கள் பழமும் வாங்கினார்கள். ஒரு சீனப் பெரியவர் யானையையும் விலை கேட்டார். ஆடித் தவணை தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

நாகையா சொன்னபடியே வாடை போகவில்லை. கொட்டகையில் வெல்வெட்டுக்குப் பக்கத்தில்தான் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். புனிதா சிம்மாசனங்களைக் கழுவினாள், வெயிலில் காயவைத்தாள், சாம்பிராணி போட்டாள். ஆவணியின் முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை மணவறையைச் சுற்றி வந்து, "யாரோ டுரியான் சாப்பிட்டு வந்துருக்காங்க," என்று தன் புருஷனை முறைத்தாள்.

புரட்டாசியில்தான் அந்தத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். தரகர், கையில் அளவு நாடா, கடனுக்கு முன் அனுமதிகூட வாங்கி வைத்திருந்தார்கள். ராஜன் சார் புனிதாவின் பக்கம் திரும்பாமலே நின்றார். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். வெள்ளக் கோட்டை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்பக்கம் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகைக்குள் வெயிலில் வெந்த டுரியான் வாடை மொத்தமாக வெளியே வந்தது. வாயும் வயிறுமாக இருந்த அந்தப் பெண் சேலை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே காருக்குப் போனாள். திரும்ப வரவில்லை.

"நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல சார்," என்றாள் புனிதா.

"தெரியும்மா," என்றார் ராஜன் சார். அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

மார்கழிக்கு இந்த முறை கையில் பணம் இருந்தது. தை பிறந்து, தைப்பூசமும் முடிந்த பிறகு கௌசலாவிடம் போனாள். கௌசலா தாளைத் திருப்பி வைப்பதற்குள் புனிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாருங்கக்கா."

இரண்டு வரிசை. மேலேயும் சைபர், கீழேயும் சைபர்.

"அந்த மூணு எங்கம்மா?"

"விழுந்துருச்சு."

அவ்வளவு சத்தமில்லாமல் அது விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வங்கியிலிருந்து அழைப்பு வந்தபோது மறுபடியும் ஏணி மேல்தான் நின்றாள். கீழே யுகேந்திரன் ஏணியைப் பிடித்திருந்தான். ஓட்டம் இல்லாத நாட்களில் அக்காவுக்குக் கை கொடுக்க வந்துவிடுவான்.

"அக்கா, அப்ரூவ் ஆயிருச்சு."

"யார் பேர்ல?" என்று கேட்டாள் புனிதா.

அந்தப் பக்கம் கௌசலா சிரிப்பது கேட்டது. "உங்க பேர்லதான்கா. வேற யார் பேர்ல?"

இறங்கி வந்தாள். மணவறைக்காரர்கள் சிம்மாசனத்தில் உட்காரவே மாட்டார்கள். அன்றைக்கு அவள் அதில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெல்வெட்டிலிருந்து லேசாக டுரியான் வாடை வந்தது.

"என்னக்கா? என்னாச்சு?"

அவள் கையைக் காட்டி அவனை இரு என்றாள். லோரித் தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. போனை எடுத்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, முதலில் அதைக் கட்டினாள். கட்டி முடித்துப் பதில் செய்தி வந்த பிறகுதான் தம்பியிடம் வீட்டைப் பற்றிச் சொன்னாள்.